சம்பளம் ஏறுவதால்தான் விலைவாசி ஏறுகிறதா?

#1 மாதக்கடைசி (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். நான் பொருளாதாரம் படித்தவனில்லை. படித்தவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொன்னால் நல்லது.

எங்கள் அலுவலகத்தில் இந்த முறை சம்பள உயர்வு 6 விழுக்காடு. அதே ஓராண்டில் விலைவாசி 8 விழுக்காடு ஏறியிருக்கிறது. கூட்டத்தில் ஒருவர் எழுந்து இதைக் கேட்டார். அதற்கு ஹெச்ஆர் சொன்ன பதில்: "எல்லாரும் சம்பளம் கூடக் கேட்டால் பணவீக்கம் இன்னும் ஏறும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்." இதற்கு நாலு பேர் கைதட்டினார்கள் என்பதுதான் வேடிக்கை.

அன்று ராத்திரியே செய்தியில் இன்னொன்று. வேலையின்மை ரொம்பக் குறைந்துவிட்டதாம், அதனால் மத்திய வங்கி வட்டியை ஏற்றக்கூடுமாம். பத்துப் பேருக்கு வேலை கிடைத்தால் சந்தோஷப்பட வேண்டியதுதானே? வங்கி ஏன் பதறுகிறது? சம்பளம், விலைவாசி, வேலையின்மை இந்த மூன்றும் எப்படிப் பின்னிக்கொண்டிருக்கின்றன?

#2 வெட்டவெளி

உங்கள் ஹெச்ஆர் மத்திய வங்கியில் இருக்க வேண்டியவர், தவறி உங்களிடம் வந்துவிட்டார்.

(துண்டு போட்டு இடம் பிடித்துக்கொள்கிறேன். இந்த இழை நீளும்.)

#3 கணக்குப்பிள்ளை

மாதக்கடைசி, உங்கள் இரண்டு கேள்விக்கும் வேர் ஒன்றுதான். பெயர் பிலிப்ஸ் வளைவு. கதையோடு சொன்னால் மனத்தில் நிற்கும்.

பிலிப்ஸ் 1914-இல் நியூசிலாந்தில் பிறந்தவர். படித்தது மின்பொறியியல். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியரிடம் பிடிபட்டு ஜாவாவில் கைதியாக இருந்தவர். போர் முடிந்து லண்டன் பொருளாதாரப் பள்ளிக்கு வந்து, 1949-இல் ஒரு இயந்திரம் செய்து காட்டினார். கண்ணாடித் தொட்டிகளும் குழாய்களும். ஒரு நாட்டின் வருமானம், வரி, சேமிப்பு, இறக்குமதி எல்லாம் அதில் நிறமூட்டிய தண்ணீராக ஓடும். வரியைக் கூட்டினால் எந்தத் தொட்டி வற்றுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். பொருளாதாரத்தைப் பொறியாளர் கண்ணோடு பார்த்த மனிதர்.

அவர் 1958-இல் ஒரு கட்டுரை எழுதினார். பிரிட்டனில் 1861 முதல் 1957 வரை ஒவ்வோர் ஆண்டும் வேலையின்மை எவ்வளவு, பண ஊதியம் எவ்வளவு ஏறியது என்று புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தார். வேலையின்மை குறைந்த ஆண்டுகளில் ஊதியம் வேகமாக ஏறியிருந்தது. வேலையின்மை கூடிய ஆண்டுகளில் மெதுவாக ஏறியது, சில ஆண்டுகளில் கொஞ்சம் இறங்கவும் செய்தது. வளைவைப் பொருத்தியது 1913 வரையிலான புள்ளிகளுக்கு. ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகள் பலவும் அதன் பக்கத்திலேயே வந்து விழுந்தன. அதுதான் ஆச்சரியம்.

காரணம் ரொம்பச் சாதாரணமானது. வெளியே நூறு பேர் வேலைக்கு நிற்கும்போது உங்கள் முதலாளிக்கு உங்களைப் பிடித்துவைக்கக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. வெளியே யாரும் இல்லையென்றால் பக்கத்து நிறுவனத்திலிருந்துதான் ஆளை இழுக்க வேண்டும். இழுக்கக் காசு வேண்டும். அவர்கள் போகவிடாமல் தடுக்கவும் காசு வேண்டும்.

அது வளைவாக இருப்பதிலும் விஷயம் இருக்கிறது. வேலையின்மை 10-லிருந்து 9 ஆனால் ஊதியம் அசைவதில்லை. 3-லிருந்து 2 ஆனால் துள்ளுகிறது.

#4 மாதக்கடைசி

நன்றி ஐயா. ஆனால் இது ஊதியத்தைப் பற்றியதுதானே? விலைவாசி இதற்குள் எங்கே வந்தது?

#5 கணக்குப்பிள்ளை

சரியாகப் பிடித்தீர்கள். பிலிப்ஸ் வரைந்தது ஊதியத்துக்கு. 1960-இல் அமெரிக்காவில் சாமுவேல்சன், சோலோ என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் செங்குத்து அச்சில் விலைவாசியை வைத்தார்கள். பாடப்புத்தகத்தில் இன்று நாம் பார்ப்பது பெரும்பாலும் அதைத்தான்.

ஊதியத்திலிருந்து விலைக்குப் போகும் பாலம் உற்பத்தித் திறன். ஊதியம் 6 விழுக்காடு ஏறுகிறது, அதே ஆண்டில் ஒருவர் செய்து முடிக்கும் வேலையும் 2 விழுக்காடு கூடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒரு பொருளில் அடங்கியிருக்கும் கூலிச் செலவு ஏறுவது 6 அல்ல, சுமார் 4 விழுக்காடுதான். நிறுவனத்தின் மொத்தச் செலவில் கூலி மூன்றில் ஒரு பங்கு என்றால், மொத்தச் செலவு ஏறுவது 1.3 விழுக்காட்டுக்குப் பக்கம். அதை வைத்து விலையை 6 ஏற்றினால் மிச்சம் எங்கே போயிற்று என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பிலிப்ஸும் இந்தக் கணக்கைப் போட்டார். உற்பத்தித் திறன் ஆண்டுக்கு 2 விழுக்காடு வளர்ந்தால், பிரிட்டனில் 2.5 விழுக்காட்டுக்குச் சற்றுக் கீழான வேலையின்மையிலேயே விலை நிலையாக இருக்கும் என்றார். ஊதியமே ஏறக்கூடாதென்றால் வேலையின்மை 5.5-க்குப் போக வேண்டும். ஊதியம் ஏறுவதும் விலை ஏறுவதும் ஒன்றல்ல என்பது முதல் கட்டுரையிலேயே இருக்கிறது.

#6 எதிர்நீச்சல்

கணக்குப்பிள்ளை சார், ஒரு சின்ன திருத்தம். மூன்றில் ஒரு பங்கு என்பது தனி நிறுவனத்துக்குச் சரி. ஆனால் மீதி இரண்டு பங்கு வானத்திலிருந்து விழுந்ததா? அந்த மூலப்பொருளைச் செய்தவனும் கூலி கொடுத்துத்தான் செய்தான், கொண்டுவந்த லாரி ஓட்டுநருக்கும் கூலி உண்டு. நாடு முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் கூலியின் பங்கு பாதிக்கு மேல் போய்விடும். எல்லாரும் ஒரே நேரத்தில் 6 வாங்கினால் உங்கள் 1.3 கணக்கு நிற்காது. ஹெச்ஆர் "எல்லாரும்" என்று சொன்னது சும்மா இல்லை.

#7 கணக்குப்பிள்ளை

ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் ஒரு கம்பெனியின் கணக்கையே ஊர்க் கணக்காக்கிவிட்டேன். இருந்தாலும் எல்லாருக்கும் 6 ஏறினால்கூட, உற்பத்தித் திறன் 2 கூடி, லாப விகிதம் அப்படியே இருந்தால் விலை ஏற வேண்டியது சுமார் 4. ஏறியிருப்பது 8. மீதி நாலு கூலியால் வந்ததில்லை.

#8 சிவப்புத்துண்டு

எல்லாரும் வளைவையே பார்க்கிறீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் பேர பலத்தை யாரும் சொல்லவில்லை.

வேலையில்லாதவர்கள் வாசலில் நிற்பதால்தான் உள்ளே இருப்பவன் வாயைத் திறப்பதில்லை என்பதை 19-ஆம் நூற்றாண்டிலேயே மார்க்ஸ் "சேமப் படை" என்ற பெயரில் எழுதிவிட்டார். 1943-இல் போலந்துப் பொருளாதார அறிஞர் கலெட்ஸ்கி இன்னும் கூர்மையாகச் சொன்னார். அரசு நினைத்தால் எல்லாருக்கும் வேலை தர முடியும், ஆனால் முதலாளிகள் அதை நீண்ட நாள் சகிக்க மாட்டார்கள், "வேலையை விட்டுத் தூக்கிவிடுவேன்" என்ற மிரட்டல் செல்லாக்காசாகிவிடும் என்பதே காரணம் என்றார். பிலிப்ஸுக்கு 15 ஆண்டு முன்னால்.

மத்திய வங்கி ஏன் பதறுகிறது என்று கேட்டீர்களே. வட்டியை ஏற்றினால் கடன் குறையும், முதலீடு குறையும், ஆள் எடுப்பது குறையும், கடைசியில் சம்பளம் கேட்கும் துணிச்சல் குறையும். அவர்கள் மொழியில் இதற்குப் பெயர் "தொழிலாளர் சந்தை குளிர்கிறது". குளிர்வது யார் வீட்டு அடுப்பு என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

#9 எதிர்நீச்சல்

தோழர் சொல்வதில் பாதி உண்மை. மீதிப் பாதிக்கு 1970-களைப் பார்க்க வேண்டும். அப்போது நடந்தது பேர பலத்தை மட்டும் வைத்து விளக்க முடியாதது.

1960-களில் அந்த வளைவைப் பலர் உணவு விடுதிப் பட்டியலைப் போல எடுத்துக்கொண்டார்கள். கொஞ்சம் பணவீக்கத்தைப் பொறுத்துக்கொண்டால் வேலையின்மை குறையும், எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்று. அமெரிக்கப் புள்ளிகளும் அதையே காட்டின. 1961-இல் வேலையின்மை 7-க்குப் பக்கம், பணவீக்கம் 1 சொச்சம். 1969-இல் வேலையின்மை 3.5, பணவீக்கம் 5-க்கு மேல். அழகான வளைவு.

அது அழகாக இருக்கும்போதே இரண்டு பொருளாதார அறிஞர்கள் "இது நிலைக்காது" என்றார்கள். ஒருவர் ஃபெல்ப்ஸ், 1967-இல் எழுதினார். மற்றவர் ஃப்ரீட்மன், அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பொருளாதாரச் சங்கத்தின் தலைவராகப் பேசினார். இரண்டு பேரும் சொன்னது ஒன்றுதான்: தொழிலாளி பேரம் பேசுவது நோட்டுக்காக அல்ல, அந்த நோட்டு வாங்கித் தரும் பொருளுக்காக.

விலை ஏறாது என்று நம்பி 5 விழுக்காடு உயர்வை ஒருவர் சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறார். முதலாளிக்கோ பொருளின் விலையும் ஏறுவதால் அந்த 5 ஒன்றும் பாரமில்லை, இன்னும் பத்துப் பேரை எடுக்கிறார். வேலையின்மை குறைகிறது. ஆண்டு முடிவில்தான் தெரிகிறது, விலையும் 5 ஏறிவிட்டது, கையில் வந்தது ஒன்றுமில்லை. அடுத்த ஆண்டு அவர் 10 கேட்பார். முன்னைப் போலவே வேலையின்மையைக் கீழே வைத்திருக்க வேண்டுமென்றால் விலை இப்போது 10-க்கும் மேல் ஏற வேண்டும். அதற்கடுத்த ஆண்டு இன்னும் மேல். ஒரே நபரை ஒரே தந்திரத்தால் இரண்டு முறை ஏமாற்ற முடியாது, ஏமாற்றின் அளவைக் கூட்டிக்கொண்டே போகலாம், அவ்வளவுதான். மக்கள் எதிர்பார்க்கும் பணவீக்கம் ஏறும்போது வளைவு மொத்தமாக மேலே நகர்ந்துவிடுகிறது. நீண்ட காலத்தில் அது வளைவே இல்லை, நேராக நிற்கும் ஒரு கோடு.

ஆறே ஆண்டில் அது நடந்தது. 1973 அக்டோபரில் அரபு நாடுகளின் எண்ணெய்த் தடை, சில மாதத்தில் கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு. 1974-இல் அமெரிக்கப் பணவீக்கம் 11 விழுக்காடு, 1975 மே மாதம் வேலையின்மை 9. பிரிட்டனில் 1975-இல் பணவீக்கம் சராசரியாக 24. இரண்டும் ஒன்றாக ஏறக் கூடாது என்றுதான் பட்டியல் சொல்லியிருந்தது. தேக்கவீக்கம் என்ற பெயர் எல்லார் வாயிலும் புழங்கியது அப்போதுதான். ஃப்ரீட்மனுக்கு 1976-லும் ஃபெல்ப்ஸுக்கு 2006-லும் நோபல் கிடைத்தது.

#10 சிவப்புத்துண்டு

எண்ணெய் விலையை ஏற்றியது தொழிலாளி இல்லையே. பழி மட்டும் ஏன் தொழிற்சங்கத்தின் மேல் விழுந்தது?

#11 எதிர்நீச்சல்

பழியைப் பற்றி நான் பேசவில்லை. இறக்குமதிப் பொருள் விலை ஏறும்போது அந்த நாடு மொத்தமாகக் கொஞ்சம் ஏழையாகிறது. அந்த நஷ்டத்தை யார் சுமப்பது என்பதில்தான் சண்டை. தொழிலாளி சம்பளத்தை ஏற்றித் தன் பங்கைத் தள்ளிவிடப் பார்க்கிறார், முதலாளி விலையை ஏற்றித் திருப்பித் தள்ளுகிறார். பந்து இரண்டு பக்கமும் போய் வருகிற வரை பணவீக்கம் நிற்காது. முதலில் உதைத்தது யார் என்பது வேறு கேள்வி, ஆட்டம் ஏன் நிற்கவில்லை என்பது வேறு கேள்வி.

#12 சிவப்புத்துண்டு

அப்படிச் சொன்னால் சரி. நான் சண்டைக்கு வரவில்லை. நடுவர் எப்போதும் ஒரு பக்கம் மட்டுமே விசில் ஊதுகிறார் என்பதுதான் என் குறை.

#13 வெட்டவெளி

அந்த நடுவர் பெயர் வோல்க்கர்தானே?

#14 கணக்குப்பிள்ளை

ஆமாம். பால் வோல்க்கர், 1979 ஆகஸ்டில் அமெரிக்க மத்திய வங்கியின் தலைவரானார். 1981-இல் வட்டி 20 விழுக்காட்டுக்குப் பக்கத்தில் போனது. 1982 கடைசியில் வேலையின்மை 10.8. கடன் கிடைக்காமல் வீடு கட்டுகிறவர்கள் மரக்கட்டைத் துண்டுகளைத் தபாலில் அவருக்கு அனுப்பினார்கள், விற்காத மரத்தை நீயே வைத்துக்கொள் என்று. விவசாயிகள் டிராக்டரில் வந்து வங்கிக் கட்டிடத்தைச் சுற்றினார்கள். 1980 தொடக்கத்தில் 14-ஐத் தாண்டியிருந்த பணவீக்கம் 1983-இல் 3-க்கு இறங்கியது.

எதிர்பார்ப்பை உடைக்க அவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருந்தது. "இவர் சொன்னால் செய்வார்" என்ற நம்பிக்கை முதலிலேயே இருந்திருந்தால் இவ்வளவு பேர் வேலை இழந்திருக்க வேண்டாம் என்று பிறகு பலர் எழுதினார்கள். அந்த நம்பிக்கை சும்மா வந்துவிடுமா என்பதுதான் எனக்கு இன்றைக்கும் சந்தேகம்.

#15 அச்சுக்கூடம்

இத்தனை நாள் படிக்க மட்டும் செய்தவன், முதன்முறை எழுதுகிறேன். நான் ஒரு சின்ன அச்சகம் நடத்துகிறேன், 14 பேர். நீங்கள் சொல்லும் வளைவு என் மேஜையில் எப்படி நடக்கிறது என்று சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆர்டர் பாதியாகக் குறைந்தது. எல்லார் சம்பளத்திலும் பத்தில் ஒரு பங்கை வெட்டலாமா என்று யோசித்தேன். கணக்குப்படி அதுதான் நியாயம், ஒருவரும் வேலை இழக்க வேண்டாம். ஆனால் செய்யவில்லை. இரண்டு பேரை நிறுத்தினேன். காரணத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சம்பளத்தை வெட்டினால் 14 பேரும் தினமும் என் முகத்தைப் பார்க்கும்போது அதை நினைப்பார்கள். தாள் வீணாகும், இயந்திரத்தை யாரும் சரியாகத் துடைக்க மாட்டார்கள், நல்ல ஆள் முதலில் போவார். நிறுத்தப்பட்ட இரண்டு பேரின் கோபம் வாசலோடு போய்விடும். கொடுமையான கணக்குதான்.

எதிர்ப்பக்கமும் பார்த்திருக்கிறேன். தொழில் சூடு பிடித்தபோது இயந்திரம் ஓட்டும் பழைய ஆளைப் போட்டிக்காரர் இழுத்துக்கொண்டார். புதிய ஆளை அவர் கேட்ட சம்பளத்துக்கு எடுத்தேன். அது பழைய ஆட்களுக்கு ஒரு வாரம்கூடத் தெரியாமல் இருக்கவில்லை. அப்புறம் எல்லாருக்கும் ஏற்ற வேண்டியதாயிற்று. ஒரு ஆளுக்கு ஏற்றியது 14 ஆளுக்கு ஏற்றியதாக முடிந்தது. அதன்பிறகுதான் வாடிக்கையாளருக்கு விலைப்பட்டியலை மாற்றினேன். அதற்கே நாலு மாதம் தயங்கினேன், முதலில் ஏற்றுபவன் ஆர்டரை இழப்பான் என்ற பயம்.

#16 கணக்குப்பிள்ளை

அச்சுக்கூடம் ஐயா, நீங்கள் எழுதியதை அப்படியே வகுப்பில் வாசிக்கலாம். வளைவு ஏன் வலப்பக்கம் தட்டையாக இருக்கிறது என்பதற்கு இதுதான் விடை: சம்பளம் ஏறும், எளிதில் இறங்காது. ஆங்கிலப் பொருளாதார அறிஞர் கீன்ஸ் 1936-இல் இதைக் கவனித்தார். தொழிலாளி தன் சம்பளத்தை எப்போதும் பக்கத்து ஆளோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார், வெட்டு என்றால் எதிர்க்கிறார். விலைவாசி ஏறுவதால் எல்லாருக்கும் ஒருசேரக் குறையும்போது அதே அளவு எதிர்ப்பு வருவதில்லை.

மாதக்கடைசி, உங்களுக்கு நடந்ததும் அதுதான். 100 வாங்கியவர் 106 வாங்குகிறார். 100-க்கு வாங்கிய பொருள் 108. 106-ஐ 108-ஆல் வகுத்தால் 0.981. சுமார் 1.9 விழுக்காடு சம்பள வெட்டு. இதையே "வெட்டு" என்று கடிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தால் அன்று கைதட்டியிருப்பார்களா?

#17 மாதக்கடைசி

ஐயோ. இப்படி யோசிக்கவே இல்லை.

#18 மழைக்குருவி

எல்லாரும் 70-களிலேயே நிற்கிறீர்கள். நான் ஜப்பானைச் சொல்கிறேன்.

2019 வாக்கில் அங்கே வேலையின்மை 2.4 விழுக்காடு. பிலிப்ஸ் வளைவுப்படி சம்பளம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நடந்தது ஒன்றுமில்லை. 1990-களின் பிற்பாதியிலிருந்து சராசரிச் சம்பளம் கிட்டத்தட்ட நின்ற இடத்திலேயே நின்றது. விலை ஏறாது என்று ஒரு தலைமுறையே நம்பிப் பழகிவிட்டது. ஒரு நிறுவனம் 2016-இல் 25 ஆண்டுக்குப் பிறகு விலையை ஏற்றியபோது, ஊழியர்கள் வரிசையாக நின்று தலை வணங்கி மன்னிப்புக் கேட்கும் விளம்பரத்தை வெளியிட்டது. விலை ஏற்றுவதற்கே வெட்கப்படும் ஊரில் சம்பளம் எப்படி ஏறும்?

எதிர்நீச்சல் சொன்ன "எதிர்பார்ப்பு" இரண்டு பக்கமும் வெட்டும் கத்தி. அமெரிக்காவில் அது மேலே தள்ளியது, ஜப்பானில் பூட்டுப் போட்டது. பூட்டு திறக்க வெளியிலிருந்து விலை அதிர்ச்சி வேண்டியிருந்தது. 2024 வசந்தகாலச் சம்பளப் பேச்சில் பெரிய நிறுவனங்களின் தொழிற்சங்கங்கள் 5 விழுக்காட்டுக்கு மேல் வாங்கின, 30 ஆண்டுகளில் காணாத அளவு. அந்த மார்ச்சில்தான் ஜப்பான் மத்திய வங்கி எதிர்மறை வட்டியை (பூஜ்யத்துக்கும் கீழான வட்டி) கைவிட்டது. கவனியுங்கள், சம்பளம் ஏறுகிறது என்று ஒரு மத்திய வங்கி நிம்மதிப் பெருமூச்சு விட்டது!

#19 வெட்டவெளி

நம்ம மாதக்கடைசியின் ஹெச்ஆரை அங்கே அனுப்பியிருந்தால் அவர்களே திருப்பி அனுப்பியிருப்பார்கள்.

#20 பின்வரிசை

எனக்கு ஒரு அடிப்படைச் சந்தேகம். வேலையின்மை என்று எதைச் சொல்கிறீர்கள்? நான் ஆறு மாதம் தேடிவிட்டு நிறுத்தினேன். கணக்கில் நான் இருக்கிறேனா?

#21 கணக்குப்பிள்ளை

இல்லை. உலகத் தொழிலாளர் அமைப்பின் வரையறைப்படி மூன்றும் சேர வேண்டும்: வேலை இல்லை, கிடைத்தால் சேரத் தயார், அண்மையில் தேடியும் இருக்கிறார். தேடுவதை நிறுத்திய சில வாரங்களிலேயே நீங்கள் அந்த எண்ணிலிருந்து வெளியே போய்விட்டீர்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கூலிக்கு வேலை செய்தவரும் வேலையில் இருப்பவர்தான்.

சும்மா இருக்க வசதியில்லாதவர் கிடைத்த வேலையைச் செய்வார், தானே ஏதாவது விற்பார். வேலையின்மைக் காப்பீடு இல்லாத நாடுகளில் பெரும்பாலோர் நிலை அதுதான். அங்கே மந்தம் வந்தால் வேலையின்மை எண் பெரிதாக ஏறாது, ஒவ்வொருவரின் வருமானம் சுருங்கும். அந்த எண்ணை அச்சில் வைத்து வளைவு வரைந்தால் புள்ளிகள் சிதறித்தான் கிடக்கும். பிலிப்ஸ் வளைவு, மாதச் சம்பளமும் சங்கமும் உள்ள தொழில் நாடுகளின் தரவில் பிறந்தது. அதை எல்லா இடத்துக்கும் அப்படியே தூக்கிப் போவதில் எனக்கு உடன்பாடில்லை.

உங்களுக்கு நல்ல வேலை சீக்கிரம் அமையட்டும்.

#22 எதிர்நீச்சல்

எண்ணைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்கிறேன். எனக்கே அடி விழுந்த இடம்.

2022 ஜூனில் அமெரிக்கப் பணவீக்கம் 9.1 விழுக்காடு. அப்போது அமெரிக்காவின் முன்னாள் நிதியமைச்சர் லாரி சம்மர்ஸ், இதை அடக்க ஐந்தாண்டு 5-க்கு மேல் வேலையின்மை வேண்டும், இல்லையென்றால் ஓராண்டு 10 விழுக்காடு வேண்டும் என்று பேசினார். நானும் இதே தளத்தில் அவர் பக்கம் நின்று எழுதினேன், பழைய இழையில் இருக்கும், தேடி எடுத்து மானத்தை வாங்காதீர்கள். வட்டி பூஜ்யத்துக்குப் பக்கத்திலிருந்து 2023 ஜூலைக்குள் 5.25-ஐத் தாண்டியது. பணவீக்கம் 2023 ஜூனில் 3. வேலையின்மை? அந்த ஆண்டு ஜனவரியில் 3.4, 1969-க்குப் பிறகு அதுதான் மிகக் குறைவு. ஆண்டு முழுவதும் 4-ஐத் தொடவில்லை.

எங்கே தப்பினேன் என்று பிறகு யோசித்தேன். ஒன்று, ஏறிய விலையில் பெரும்பங்கு கூலியால் ஏறியதல்ல. அடைபட்ட துறைமுகம், கிடைக்காத சிப், போர், எரிபொருள். அவை சரியானதும் விலை தானாக ஆறியது. பொருளாதார அறிஞர்கள் பெர்னான்கியும் பிளான்ஷாரும் 2023-இல் கணக்கிட்டுச் சொன்னதும் ஏறத்தாழ இதுதான்: தொடக்கத்தில் விலை அதிர்ச்சிகள், தொழிலாளர் சந்தையின் இறுக்கம் பின்னாலேதான் வந்தது. இன்னொன்று, 2022 மார்ச்சில் வேலையில்லாத ஒருவருக்கு இரண்டு காலியிடம் இருந்தது. வட்டி ஏறியபோது நிறுவனங்கள் ஆளைத் தூக்கவில்லை, காலியிட விளம்பரத்தைத் தூக்கின. அமெரிக்க மத்திய வங்கியின் ஆளுநர் குழுவில் ஒருவரான வாலர் இப்படி நடக்கும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்போது பலர் நம்பவில்லை. நானும்தான்.

#23 சிவப்புத்துண்டு

தப்பை ஒப்புக்கொள்ளும் எதிர்நீச்சலை முதன்முதலாகப் பார்க்கிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவிட்டேன்.

#24 எதிர்நீச்சல்

எடுத்துக்கொள்ளுங்கள் தோழர். ஆனால் எதிர்பார்ப்பு உடையாமல் இருந்ததும் ஒரு காரணம். 9 விழுக்காட்டைப் பார்த்தும், ஐந்தாண்டு கழித்து விலை இப்படியே ஏறும் என்று பெரும்பாலோர் நினைக்கவில்லை. அந்த நம்பிக்கை வோல்க்கர் காலத்தில் வாங்கி வைத்தது. அதற்கான விலையை யார் கொடுத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள், அந்தக் கேள்விக்கு என்னிடம் மறுப்பு இல்லை.

#25 மாதக்கடைசி

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். கடைசியாக ஒன்று. விலை ஏறும் அளவுக்குச் சம்பளம் தானாக ஏறும்படி சட்டமே போட்டுவிட்டால் என்ன? அகவிலைப்படி மாதிரி, எல்லாருக்கும்.

#26 மழைக்குருவி

பெல்ஜியத்தில் கிட்டத்தட்ட அப்படித்தான். 2023 ஜனவரியில் அங்கே லட்சக்கணக்கான அலுவலக ஊழியர்களுக்கு ஒரே நாளில் 11 விழுக்காட்டுக்கு மேல் ஏறியது, பேரம் இல்லை, கெஞ்சல் இல்லை. நாடு மூழ்கவில்லை. ஆனால் பக்கத்து நாட்டுப் போட்டியாளரைவிடச் செலவு கூடுகிறது என்று நிறுவனங்கள் புலம்பின. இத்தாலியிலும் அப்படியொரு "நகரும் படிக்கட்டு" இருந்தது. 1975-இல் வலுவாக்கினார்கள், பணவீக்கம் இறங்க மறுத்ததால் 1980-களில் வெட்டி 1992-இல் கைவிட்டார்கள். அதிர்ச்சி ஒருமுறை வந்து போவதானால் இது தொழிலாளியைக் காக்கும். நீடித்தால் அதையே நீட்டிக்கும். ஏனென்றால் நேற்றைய விலை இன்றைய சம்பளத்திலும், இன்றைய சம்பளம் நாளைய விலையிலும் ஏறிக்கொள்கிறது.

#27 கணக்குப்பிள்ளை

கூடவே ஒன்று. ஐஎம்எஃப் (பன்னாட்டு நிதியம்) ஆய்வாளர்கள் 2022-இல் 1960-கள் முதலான வளர்ந்த நாடுகளின் தரவைத் தோண்டினார்கள். விலையும் ஊதியமும் சேர்ந்து ஏறிய காலங்கள் எத்தனையோ. அவற்றில் பெரும்பாலானவை நிற்காத சுழலாக மாறவில்லை. விலை முதலில் ஓடுகிறது, பின்னால் ஊதியம் ஓடி வந்து பிடிக்கிறது, பிறகு இரண்டும் நடக்கத் தொடங்குகின்றன. ஹெச்ஆர் சொன்னது நடக்கவே முடியாததல்ல. ஆனால் விலை 8-இல் இருக்கும்போது 6 கொடுத்துவிட்டு அதைச் சொல்லியிருக்கிறார். பின்னால் ஓடி வருகிறவனிடம் "நீ ஓடுவதால்தான் முன்னால் போகிறவன் வேகமாகப் போகிறான்" என்று சொல்வது போல.

#28 மாதக்கடைசி

நேற்று மறுபடி கூட்டம். எழுந்து கேட்டேவிட்டேன்: "நம் நிறுவனத்தில் ஒருவர் செய்யும் வேலை இந்த ஆண்டு எவ்வளவு கூடியது, நாம் விற்கும் விலை எவ்வளவு கூடியது?" இரண்டே எண். கணக்குத் துறையிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இந்த முறை யாரும் கைதட்டவில்லை.

#29 வெட்டவெளி

அந்த எண் வருகிற வரை இந்த இழையை யாரும் பூட்டாதீர்கள்.

#30 அச்சுக்கூடம்

என்னிடம் என் ஆட்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வது என்று நானும் போட்டுப் பார்த்தேன். வேலை கூடியது 3 விழுக்காடு. விலை ஏற்றியது 7. சம்பளம் ஏற்றியது 5. இதில் தாளும் மையும் எவ்வளவு தின்றன என்று பிரிக்க இன்னும் ஒரு ராத்திரி உட்கார வேண்டும்.